கடைசியக்கா கேட்ட விசில்

கடைசியக்காவுக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்பதைவிட, எதற்குப் பயமில்லை என்று கேட்டால் பதில் சீக்கிரம் முடிந்துவிடும். லிஃப்டுக்குப் பயம், ஐந்து மாடியானாலும் படிதான். அடுப்பை அணைத்தோமா என்று பயம். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பாள். தொலைபேசி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தொரு வருடமாக லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. திருகாணியை ஒரு சுற்று அதிகமாக முடுக்கினால் லென்ஸ் விரிசல் விட்டுவிடும். அந்தக் கடைசிச் சுற்றின்போது இருபத்தொரு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இத்தனைக்கும் அவள் கையில் உடைந்த லென்ஸ்கள் மொத்தமே நான்கு.

நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்போதே உயிர் போகிற மாதிரி இருக்கும். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன் அவளை அழைத்துக்கொண்டு ஊரில் உள்ள எல்லா மருத்துவர்களையும் பார்த்துவிட்டான். கடைசியாகப் பார்த்த மருத்துவர், “நெஞ்சுல ஒண்ணுமில்லைம்மா. நடங்க. நல்லா மூச்சு வாங்க நடங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுகிற குழு ஒன்றை நடத்திவந்தார். அவரிடம் பெயர் கொடுத்தாள். கொடுத்த நிமிடத்திலிருந்து அடுத்த ஞாயிறு வரை அதற்காகவும் பயந்தாள்.

மலைக்குப் போனதும் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. ஒவ்வொரு கல்லிலும் கால் வைத்துப் பார்த்து, அது ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த காலை எடுத்தாள். அந்தக் குழு வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற மலைப்போட்டியில், முதல் வருடம் இருபத்தைந்து கிலோமீட்டரை முடிக்க அவளுக்கு ஒன்பதே முக்கால் மணி நேரம் ஆனது. பத்து மணி நேரத்துக்குள் வந்தால்தான் கணக்கு. வழி தெரிவதற்காகச் செடிகளிலும் கிளைகளிலும் ஆரஞ்சு நிற நாடா கட்டியிருப்பார்கள். எல்லோரும் போன பிறகு கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் அந்த நாடாக்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வருவார். மலையில் குப்பை விடக்கூடாது என்பது ஒன்று. தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று உறுதி சொல்வது இன்னொன்று. அந்த வருடம் முழுப் பாதையும் அவளுக்கு நேர் பின்னாலேயே நாடா அவிழ்த்து வந்தவர் குழாய் ரிப்பேர்க்காரர்தான்.

“நீங்க எப்படியும் கடைசிலதான் வரப்போறீங்க. அடுத்த வருஷம் இந்தப் பையையும் நீங்களே தூக்கிட்டு வந்திடுங்களேன்” என்றார். விளையாட்டாகச் சொன்னது அவளுக்கு வேலையாகிவிட்டது, கூடவே ‘கடைசியக்கா’ என்ற பெயருமாகிவிட்டது.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. கடைசியாக வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பயத்தோடுதான் வருவார்கள். முழங்கால் விட்டுப்போகுமோ, நேரம் முடிந்துவிடுமோ, எல்லோரும் சிரிப்பார்களோ என்று. அவர்களிடம் தைரியமாக இருங்கள் என்று அவள் சொல்வதில்லை. “எனக்கும் பயமாத்தான் இருக்கு, வாங்க போவோம்” என்பாள். மூன்று வருடத்தில் அவளுக்கு முன்னால் போன ஒருவர்கூடப் பாதியில் உட்கார்ந்துவிடவில்லை. ஞாயிறு நடந்துவிட்டு வந்தால் புதன்வரை நன்றாகத் தூங்கினாள். படபடப்பு வந்தாலும், சரி, இது ஒரு ஏற்றம், ஏறினால் முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகியிருந்தாள். வீட்டில் இதைக் கவனித்த ஒரே ஆள் அவளுடைய நாத்தனார். கவனித்தவளுக்குப் பிடிக்கவில்லை.

நாத்தனார் முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டு, தம்பி வீட்டின் நடு அறையைத் தனதாக்கிக்கொண்டவள். எதற்கும் அஞ்சாதவள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்ட கதைகள் அவளிடம் நூறு இருந்தன. வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை. குளியலறையில் யாராவது தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு விசில்: நிறுத்து. தம்பி வேலைக்குக் கிளம்பத் தாமதித்தால் இரண்டு விசில்: கிளம்பு. அந்த வீட்டில் இதற்கு மேல் பாஷை தேவைப்படவில்லை.

இந்த வருடம் நாத்தனாரும் பெயர் கொடுத்தாள். “நீ ஏறுற மலையை நான் ஏற மாட்டேனா?” என்றாள். ஐம்பத்தெட்டு வயதில், மூன்று மாதம் தெருவைச் சுற்றி நடந்த பயிற்சியோடு, மார்பில் எண்பத்தெட்டு என்ற எண்ணைக் குத்திக்கொண்டு வந்து நின்றாள்.

காலை ஆறு மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று விதிகளைச் சொன்னார். எல்லோரும் கழுத்தில் விசில் போட்டிருக்க வேண்டும். ஆபத்தென்றால் மூன்று முறை ஊத வேண்டும். நாத்தனார் அப்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விசிலைப் பற்றி இன்னொருவர் சொல்லி அவள் கேட்பதா? வழியில் அவள் இஷ்டத்துக்கு ஊதினாள். ஷூ கயிறு அவிழ்ந்தால் ஒரு விசில். கடைசியக்கா ஓடிப்போய்க் குனிந்து கட்ட வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு விசில். இரண்டாவது மணி நேரத்திலேயே மற்றவர்களெல்லாம் முன்னால் போய்விட்டார்கள். நாத்தனாரும் அவளும் மட்டும்தான் மிச்சம்.

உச்சியில் இருந்த மூன்றாவது தண்ணீர் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. அங்கிருந்த ஆறேழு பேர் கைதட்டி வரவேற்றார்கள். நாத்தனார் மூச்சிரைக்க உட்கார்ந்தாள். அவளுக்குத் தளர்ச்சி, அதை யார்மேலாவது இறக்கியாக வேண்டும்.

“ஏழு மணி நேரமா என் குதிகாலையே பாத்துக்கிட்டு வர்றா. இவ எனக்குக் காவலாம். இவ நெஞ்சு படபடப்புக்கு என் தம்பி எத்தனை ராத்திரி கண்ணு முழிச்சிருப்பான் தெரியுமா? பேய்க்குப் பயந்தவளைப் பிடிச்சு ஊருக்குக் காவல் வச்சிருக்கீங்க.”

கூட்டத்தில் சிலர் மரியாதைக்குச் சிரித்தார்கள். கடைசியக்காவும் சிரித்தாள். காதெல்லாம் சுட்டது. நான்கு வருடமாக அவளை வேறு ஒருத்தியாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே இடம் அதுதான்.

கிளம்பும்போது நாத்தனார் திரும்பி, “ரொம்ப ஒட்டிக்கிட்டு வராதே. நீ மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது” என்றாள்.

“சரி, அண்ணி.”

தள்ளித்தான் வந்தாள். வேண்டுமென்றே தள்ளி வந்தாள். உச்சிக்குக் கீழே ஊசியிலைக் காடு ஆரம்பிக்கிற இடத்தில் மூடுபனி இறங்கியது. இருபதடிக்கு அப்பால் மரங்கள் இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது. கடைசி ஆளின் முதுகு எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நாடா அவிழ்ப்பவருக்கு உள்ள ஒரே விதி. முதுகு மறைந்தால் நின்று கூப்பிட வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடுத்த நாடாவில் கை வைக்கலாம். நாத்தனாரின் முதுகு மறைந்தது. கடைசியக்கா கூப்பிடவில்லை. மனதுக்குள் பேச வேண்டியது நிறைய இருந்தது. இருபது வருடமாகச் சொல்லாமல் விட்ட பதில்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்து, ஒவ்வொரு பதிலாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

அப்போதுதான் விசில் கேட்டது.

ஒன்றே ஒன்று. நீளமாகக்கூட இல்லை, பாதியில் அறுந்த மாதிரி. முடிச்சில் கை வைத்தபடி நின்றாள். ஒரு விசில் என்றால் என்னவென்று அந்த வீட்டில் இருபது வருடம் வாழ்ந்தவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘மறுபடி ஷூ கயிறு’ என்று நினைத்தாள். ‘ஆபத்துன்னா மூணு தடவை ஊதணும். சொன்னதைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஊதட்டும். முன்னாலதான் எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு ஊதறா. நான் வர்ற வரைக்கும் இருக்கட்டும்.’ முடிச்சை அவிழ்த்தாள். அடுத்த நாடாவுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவளுக்குப் பயமே இல்லை. உடம்பு லேசாக இருந்தது, கால்கள் தாமாகவே இறங்கின. பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரியும். அகலமான பாதை கைவிடப்பட்ட கல் குவாரிக்குப் போகும், அதன் விளிம்பில் வேலிகூடக் கிடையாது. ஒடுங்கிய பாதைதான் சரியான பாதை. யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் ஒன்பது நாடா கட்டியிருந்தார்கள். ஒன்பதையும் சாவகாசமாக அவிழ்த்துப் பையில் போட்டாள். வாழ்க்கையில் ஒரு மணி நேரம் பயமில்லாமல் இருந்தவள், அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் நடுங்கினாள்.

காட்டின் கீழ் விளிம்பில் நான்காவது தண்ணீர் நிலையம். ஒரு மேசை, தண்ணீர் கேன்கள், பட்டியலோடு ஒரு கைக்கடிகார ரிப்பேர்க்காரர். அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“எண்பத்தெட்டு எங்கேக்கா?”

“முன்னாலயே வந்தாங்களே.”

“வரலையே.”

“நல்லாப் பாருங்க. தொப்பி போட்டவங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுவாங்க.”

“அக்கா, நாப்பது நிமிஷமா இந்தப் பக்கம் ஒருத்தரும் வரலை.”

அவள் கையில் இருந்த பையைப் பார்த்தாள். மூன்று கிலோமீட்டர் நீளப் பாதை முழுவதும் அந்தப் பைக்குள் இருந்தது. படபடப்பு வரும்போது முதலில் விரல் நுனிகள் மரத்துப்போகும், மரத்துப்போயின.

கைக்கடிகார ரிப்பேர்க்காரர் வாக்கிடாக்கியில் பேசினார். மீட்புக் குழு முடிவிடத்தில் இருக்கிறது, ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும், இடத்தை விட்டு அவர் நகரக் கூடாது என்றார்கள்.

“நீங்க உட்காருங்கக்கா. உங்க முகமே வெளுத்துப்போச்சு. அவங்க வந்து பாத்துக்குவாங்க.”

உட்காரலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பயந்தவள் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. ஒன்றரை மணி நேரத்தில் குவாரி விளிம்புக்கு ஒரு கிழவி நொண்டிக்கொண்டு போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். நாத்தனாரோ கிழவி இல்லை, நின்று யோசிக்கிற பழக்கமும் இல்லாதவள். கடைசியக்கா அவரிடம் டார்ச்சும் ஒரு துணிக்கட்டும் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

ஏறும்போது நாடாக்களை மறுபடி கட்டிக்கொண்டே போனாள். தனக்கே திரும்பி வர வழி தெரிய வேண்டுமே. மயிரிழைத் திருகாணியைப் பிடிக்கிற விரல்கள், ஒரு சாதாரண முடிச்சுக்கு மூன்று முறை தடுமாறின. “அண்ணி” என்று கூப்பிட்டாள். மூடுபனி அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. வலப்பக்கப் புதரில் ஏதோ கனமான ஒன்று உறுமிக்கொண்டு நகர்ந்தது. காட்டுப்பன்றியாக இருக்கலாம். கால்கள் நின்றுவிட்டன. இடுப்புக்குக் கீழே அவை தன்னுடையவை என்றே தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அழுதாள் என்றும் சொல்லலாம். ஓடத் தெரியாது, விரட்டத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: பயம் போகட்டும் என்று காத்திருந்தால் அது போகாது, கூட்டிக்கொண்டேதான் நடக்க வேண்டும். நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் மலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவே. ஒரு காலை எடுத்து வைத்தாள். கல் ஆடியது. ஆடட்டும் என்று அடுத்த காலையும் வைத்தாள்.

பாதை பிரிகிற இடத்துக்கு வந்தாள். அகலமான பாதை வா வா என்று கூப்பிடுகிற மாதிரி கிடந்தது. நாடா இல்லாமல் யார் வந்தாலும் அதில்தான் போவார்கள். குவாரிப் பக்கம் போய்ப் பார்ப்பதா, மேலே ஏறுவதா? இரண்டையும் செய்ய நேரமில்லை. விசில் முன்னால் இருந்து வந்திருந்தால் நாத்தனார் அவளுக்கு முன்னால் இருந்திருக்கிறாள், வழி தவறிக் குவாரிக்குப் போயிருக்கிறாள். முன்னால் இருந்துதானே வந்தது?

நின்று யோசித்தாள். முடிச்சில் இருந்த கை, அறுந்த அந்தச் சத்தம், அதைக் கேட்டதும் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, தான் அதைத் திரும்பவிடாமல் வைத்திருந்தது. எல்லாம் துல்லியமாக நினைவிருந்தது. விசில் பின்னால் இருந்துதான் வந்தது. பின்னால், மேலே, இடப்பக்கத்திலிருந்து. அதைக் கேட்ட நொடியிலேயே அவளுக்கு அது தெரிந்திருந்தது. முன்னால் என்று நினைத்ததெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பொய்.

பாதியில் அறுந்த விசிலை ஊதியவள் எழுந்து நடந்து வந்திருக்க மாட்டாள். குவாரிப் பாதையை விட்டுவிட்டு மேலே ஏறினாள். இப்போது அவளுக்குக் காட்டைக் கண்டு அவ்வளவு பயமில்லை. அதைவிடப் பயங்கரமான ஒன்று கூடவே ஏறி வந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரம் கழித்து, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அருகில் கூப்பிட்டபோது பதில் வந்தது. பாதைக்குக் கீழே பத்தடிச் சரிவில், ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். ஒதுங்க இடம் தேடிப் பாதையை விட்டு இறங்கியிருக்கிறாள், சருகு வழுக்கிவிட்டது. வலது கணுக்கால் வீங்கி ஷூவுக்கு மேலே பிதுங்கியிருந்தது. தொப்பியைக் காணவில்லை. உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

“செத்துத் தொலைஞ்சியா எங்கேயாவது?” என்றாள் நாத்தனார். குரலில் பழைய அதிகாரம் இருந்தது, ஆனால் பற்கள் அடித்துக்கொண்டதால் வார்த்தை துண்டுதுண்டாகத்தான் வந்தது.

கடைசியக்கா உட்கார்ந்தபடியே சரிந்து இறங்கிப்போய், தன் மேல்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டாள். ஷூவைக் கழற்றாமலே கணுக்காலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். நாத்தனார் அவள் தோளைப் பற்றிக்கொண்டாள். இருபது வருடத்தில் அவள் இப்படிப் பற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“நான் ஊதினேன்” என்றாள் நாத்தனார். “ஒரே ஒரு தடவைதான் ஊத முடிஞ்சது. கயிறு அந்துபோய் விசில் கீழே உருண்டுடுச்சு. அப்புறம் தொண்டை கிழியக் கத்தினேன். கால் சத்தம்கூடக் கேட்டுச்சு, யாரோ இறங்கிப் போற மாதிரி. உனக்குக் கேக்கலையா?”

பொய் தயாராக இருந்தது. மூடுபனி, காற்று, தூரம். எதிர்த்துப் பேச அந்தக் காட்டில் சாட்சி யாரும் இல்லை. சொல்லியிருந்தால் நாத்தனார் நம்பியிருப்பாள். இன்றுவரை ஊரே நம்பியிருக்கும்.

“கேட்டுச்சு, அண்ணி.”

“கேட்டுச்சா?”

“பின்னாலேருந்து வந்ததும் தெரிஞ்சுது. நிறுத்தச் சொல்றீங்கன்னும் தெரிஞ்சுது. அங்க எல்லாரும் சிரிச்சாங்களே, அந்தக் கோபத்துல வரலை. நாடாவை அவுத்துக்கிட்டே கீழே போயிட்டேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. நாத்தனார் திட்டவில்லை. அவள் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். வேரைப் பிடித்துத் தானே எழுந்து, சரிவில் ஒரு எட்டு வைத்தாள். இரண்டாவது எட்டில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளைதான். வேறு ஆள் இல்லை. பிறகு கையை நீட்டினாள்.

இருவருமாகத் தவழ்ந்து பாதைக்கு ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றுவதற்கு முன் நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். விட்டுவிடுவாளோ என்று பார்க்கிற பார்வை. பயந்தவர்களின் முகம் கடைசியக்காவுக்கு அத்துப்படி. கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள், போட்டிக்குப் போட்டி பார்த்திருக்கிறாள். ஆனால் ஒருவர் தன்னைக் கண்டு பயப்படுவதை ஐம்பத்திரண்டு வயதில் இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

பாதை ஒருவர் மட்டுமே நடக்கிற அகலம். பக்கத்தில் நின்று தாங்க முடியாது.

“நீ முன்னால போ” என்றாள் நாத்தனார். “என் ரெண்டு கையும் உன் தோள்மேலதான் இருக்கும்.”

“சரி, அண்ணி.”

“எடுக்க மாட்டேன்.”

“எடுக்காதீங்க.”

பத்து விரல்களும் தோளில் அழுந்தின. நகம் பட்டு வலித்தது. கடைசியக்கா வலிக்கிறது என்று சொல்லாமல் நடந்தாள்.